பசைமுனை ஹேர் எக்ஸ்டென்ஷன்: முனை வைத்ததை வாங்குவதா, வீட்டில் செய்வதா?

பசைமுனை வைத்த ஹேர் எக்ஸ்டென்ஷன்களை, அதாவது வேர்ப்பக்கத்தில் பசையால் முனை வைத்துச் சொந்த முடியோடு இணைக்கும் முடிக்கற்றைகளை, வீட்டிலேயே செய்துகொள்ள நினைப்பவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. முனை வைத்தே விற்கப்படும் கற்றைகளை வாங்கிச் சொந்த முடியில் உருக்கி ஒட்டிக்கொள்ளலாம். உதிரி முடியை வாங்கி, கெரட்டின் பசையால் முனைகளைத் தாமே செய்து, அவற்றை உருக்கி ஒட்டலாம். முனையைக் கெட்டியான சிறு குச்சியாகச் செய்து, உலோக வளையம் ஒன்றினுள் சொந்த முடியையும் சேர்த்து நெரித்துக்கொள்ளலாம். கைவினைப் பொருள்களுக்கான பசையைத் தலைமுடியிலேயே இட்டு வேலையை முடித்தும் விடலாம். இந்தக் கடைசி வழி ஏற்கத்தக்கதன்று. அதற்கான காரணம் கீழே வருகிறது. மற்ற மூன்றையும் ஒப்பிடும்போது, எது அதிக நாள் பிடித்து நிற்கும் என்பதைத்தான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். எது சேதமில்லாமல் கழன்று வரும் என்பதை முதலில் கேட்பதே சரி என்பது என் கருத்து. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்வதால், எந்த முறையில் இணைத்தாலும் இரண்டு அல்லது மூன்று மாதங்களில் இணைப்பு தலைத்தோலிலிருந்து விலகி இறங்கிவிடும். அதன்பின் கழற்றியே ஆக வேண்டும்.

கடையில் முனை வைத்து வரும் கற்றைகள் பொதுவாக இரு வடிவங்களில் கிடைக்கின்றன. யூ-டிப் எனப்படுவது நகம் போல் வளைந்த தட்டையான பசைமுனை. சொந்த முடியை அதன் நடுவில் வைத்துச் சூட்டுக்குறட்டால் உருக்கி, விரலால் உருட்டி மூட வேண்டும். ஐ-டிப் எனப்படுவது மெல்லிய குச்சி போன்ற கெட்டி முனை. இதை உருக்குவதில்லை, வளையத்தினுள் செலுத்தி நெரிப்பதோடு சரி. ஒரு கற்றை பெரும்பாலும் அரை கிராம் முதல் 1 கிராம் வரை எடையுள்ளது. தலை முழுவதும் நீளம் கூட்டுவதற்கு 100 முதல் 200 கற்றைகள் வரை தேவைப்படும். பக்கங்களில் மட்டும் அடர்த்தி சேர்ப்பதானால் அதில் ஒரு சிறு பங்கே போதும்.

முடிவெடுப்பதற்கு முன் செலவு எங்கே போகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் பணம் மூன்று இடங்களில் செலவாகிறது: முடிக்கு, முனைக்கு, தலையில் பொருத்தும் உழைப்புக்கு. நல்ல மனித முடிக்குத்தான் பெரிய தொகை போகும். பொருத்துகிறவரின் பல மணி நேர உழைப்புக்கு அடுத்த தொகை. முனை வைப்பதற்கு ஆகும் பொருட்செலவு மிகச் சிறியது. ஆகவே முடியைப் புதிதாக வாங்கி, முனையை மட்டும் வீட்டில் வைப்பவர் மிச்சப்படுத்துவது இந்த மூன்றில் மிகச் சிறிய பகுதியைத்தான். ஒரு முனைக்கு இரண்டு நிமிடம் என்று குறைவாகவே கணக்கிட்டாலும் 150 முனைகளுக்கு ஐந்து மணி நேரம் ஆகும். பழக்கமில்லாத கைக்கு அது இரட்டிப்பாகும். கையில் நல்ல முடி ஏற்கெனவே இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். முன்பு அணிந்து கழற்றிய கற்றைகளோ, பயன்படுத்தாமல் வைத்திருக்கும் தைத்த முடிப்பட்டையோ (ஒரு விளிம்பில் வரிசையாகத் தைத்துச் சேர்த்த முடி), தாமே வெட்டி வைத்த சொந்த முடியோ இருந்தால், முனை வைக்கும் வேலை ஒன்றுதான் மீதியிருக்கிறது. வீட்டில் முனை செய்வதற்கு வலுவான நியாயம் இந்த நிலையில்தான் இருக்கிறது.

இனிப் பசைகளைப் பார்க்கலாம். ஒப்பீட்டில் அதிகம் யோசிக்க வேண்டிய பகுதி இதுவே.

கெரட்டின் பசை என்று விற்கப்படுவது பெயரளவில் முடியின் புரதத்தைக் குறித்தாலும், பெரும்பாலும் பாலியமைடு வகையைச் சேர்ந்த, சூட்டில் இளகிக் குளிரில் இறுகும் பிளாஸ்டிக்கே. சிலவற்றில் புரதக் கூறும் கலந்திருக்கும். சிறு மணிகளாகவும் குச்சிகளாகவும், நிறமற்றதாகவும் கறுப்பு, பழுப்பு நிறங்களிலும் இது கிடைக்கிறது. உருக்குவதற்கு ஏறத்தாழ 180 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். ஆறியபின் இது சற்று வளைந்து கொடுக்கும். தண்ணீரும் ஷாம்பூவும் இதைக் கரைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆல்கஹால் கலந்த கழற்றும் திரவத்தை இட்டுக் குறட்டால் மெல்ல நொறுக்கினால் இது துகளாக உதிர்ந்து, உள்ளிருக்கும் முடியை விட்டுவிடுகிறது. இந்த ஒரு குணத்துக்காகத்தான் இதைச் சொந்த முடியைத் தொடும் பசையாக ஏற்றுக்கொள்ள முடிகிறது.

குளூ கன்னில் போடும் சாதாரணக் கைவினைப் பசைக்குச்சி வேறு பொருள். அது எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பாலிமரை அடிப்படையாகக் கொண்டது. வெள்ளையாக, மலிவாக, எங்கும் கிடைப்பதாக இருப்பதால், இரண்டும் உருகி இறுகும் பசைதானே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தப் பசை ஹேர் டிரையரின் சூட்டிலேயே இளகத் தொடங்கிப் பக்கத்து முடிகளிலும் அப்பிக்கொள்ளக் கூடியது. கழற்ற முயலும்போது ஆல்கஹால் இதைக் கரைப்பதில்லை. வழவழப்பான பரப்பிலிருந்து விலகி வர மட்டுமே உதவும். நூற்றுக்கணக்கான முடிகளுக்கு இடையே ஊடுருவி இறுகிய பசையில் அப்படி விலகுவதற்குப் பரப்பே இல்லை. பிறகு எண்ணெய் ஊற்றி இழுப்பதும் கத்தரிக்கோலை எடுப்பதும்தான் மிஞ்சும். அதிகச் சூட்டில் இயங்கும் கன்னிலிருந்து பசை ஏறத்தாழ 190 டிகிரியில் வெளிவருவதால், தலைத்தோலில் ஒரு துளி விழுந்தாலும் கொப்புளம் எழக்கூடும். இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: கன் என்ற கருவியில் குற்றம் இல்லை. முடிக்கென்றே செய்யப்பட்ட கெரட்டின் குச்சிகளை அதற்குரிய கன்னில் போட்டுப் பயன்படுத்தும் முறை அழகு நிலையங்களிலும் உண்டு. கன்னுக்குள் செல்லும் குச்சி எது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசையைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. இது சூட்டால் இறுகுவதில்லை, காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுகிறது. இறுகியபின் கண்ணாடி போல் கெட்டியாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் ஆகிறது. இதைத் தலையில் இருக்கும் முடியில் இடவே கூடாது. கரைப்பதற்கு அசிட்டோன் தேவை. எளிதில் தீப்பற்றக்கூடிய, முடியையும் தோலையும் உலர்த்தும் அந்தத் திரவத்தைக் கண்ணுக்கு அருகே, தலைத்தோலில் வழியும்படி பயன்படுத்துவது ஆபத்தானது. ஆயினும் வளையத்தில் நெரிக்கும் குச்சி முனையைச் செய்வதற்கு இதே பசை பொருந்துகிறது. அங்கே பசை எக்ஸ்டென்ஷன் முடியில் மட்டுமே இருக்கிறது, வேலை முழுவதும் மேசையின் மேல் நடக்கிறது, சொந்த முடியைப் பிடிப்பது வளையம். கெட்டித்தன்மையும் அங்கே நன்மையே. முனை குச்சி போல் விறைத்தால்தான் வளையத்தினுள் எளிதாக நுழையும். எச்சரிக்கைகளும் உண்டு. இந்தப் பசை பருத்தியில் பட்டால் சுடும் அளவுக்கு வெப்பம் உண்டாகலாம் என்பதால் பருத்திக் கையுறையும் பஞ்சும் கூடாது. பாலித்தீன் கையுறை ஏற்றது. அதன் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால் காற்றோட்டம் வேண்டும்.

லேடெக்ஸ் கலந்த திரவப் பசைகள் தைத்த முடிப்பட்டைகளை ஒட்டுவதற்கானவை. முனை செய்வதற்குப் பொருந்தா. லேடெக்ஸ் ஒவ்வாமை சிலருக்குக் கடுமையாக இருக்கும் என்பதும் அவற்றைத் தவிர்க்க இன்னொரு காரணம்.

பசையை முடிவு செய்தபின், அது எந்த முடியில் இடப்படுகிறது என்பது வருகிறது. முடியின் மேற்புறத்தில் செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லா முடிகளும் ஒரே திசையில் இருக்கும்படி சேகரித்த முடியை ரெமி என்கிறார்கள். திசை கலந்த முடியில் எதிரெதிர்ச் செதில்கள் ஒன்றையொன்று பற்றிச் சிக்காகும். இதை மறைக்கச் செதில்களை அமிலத்தில் அகற்றி, சிலிக்கான் பூசி விற்பதும் நடக்கிறது. அத்தகைய முடி முதல் நாள் பட்டுப் போல் இருக்கும், சில முறை அலசியபின் பூச்சு நீங்கிச் சடை பிடிக்கும். முனை வைத்து வரும் கற்றைகளில் இந்தத் திசையைப் பேணுவது தயாரிப்பாளரின் பொறுப்பு. வீட்டில் செய்யும்போது அது முழுக்க நம் கையில் வந்துவிடுகிறது. தைத்த முடிப்பட்டையிலிருந்து முடியை எடுப்பவர் தையலுக்குச் சற்றுக் கீழே வெட்டி, தையலில் மடிந்து திரும்பிய குட்டை முடிகளைச் சீவி நீக்க வேண்டும்; அவை எதிர்த்திசையில் இருப்பவை. வெட்டிய கற்றையை வேர்ப்பக்கத்திலேயே ரப்பர் வளையத்தால் கட்டிவிட வேண்டும். கீழே விழுந்து கலந்த முடியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: ஓர் இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்தால், அது வேர்ப்பக்கம் முன்செல்லும்படி நகரும். ஆனால் இப்படி ஆயிரக்கணக்கான இழைகளைப் பிரிப்பது நடைமுறையில் இயலாது. கலந்ததை ஒதுக்கிவிடுவதே மேல். செயற்கை இழை கெரட்டின் பசைக்குத் தேவையான சூட்டைத் தாங்காமல் சுருங்கவோ உருகவோ கூடும் என்பதால், சூட்டுப் பசை வழிகள் அதற்கு மூடப்பட்டவை.

முனை செய்யும் வேலையில் எடைதான் உயிர். 0.1 கிராமாவது துல்லியமாகக் காட்டும் சிறு தராசு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. ஒரு கற்றை, அதைத் தாங்கப்போகும் சொந்த முடியைவிடக் கனமாக இருந்தால், அந்தச் சுமை முழுவதும் சில மயிர்க்கால்களின் மேல் நாள்தோறும் விழுகிறது. தொடர்ந்து இழுபடுவதால் உண்டாகும் முடியிழப்புக்கு இதுவே நேரடிக் காரணம், நீண்ட காலம் நீடித்தால் அந்த இழப்பு நிலையாகிவிடவும் கூடும். கண்ணளவில் பிரித்த கற்றைகளில் ஒன்று 0.6 கிராமும் அடுத்தது 1.1 கிராமும் இருப்பது சாதாரணமாக நிகழ்கிறது, அது தலையில் ஏறும்வரை தெரிவதில்லை. கடையில் வாங்கியதன் உண்மையான மேன்மை இந்தச் சீரில்தான் இருக்கிறது. மெல்லிய முடி உள்ளவர்கள் அரை கிராமைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எடை பார்த்துக் கட்டிய கற்றையின் வேர்ப்பக்கத்தைக் கத்தரித்துச் சமமாக்கி, உருகிய கெரட்டினில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தோய்த்து, ஒட்டாத சிலிக்கான் தாளில் வைத்து அழுத்தி உருட்ட வேண்டும். கற்றைக்கு நடுவிலும் பசை சென்று சேர வேண்டும். வெளியே மட்டும் பூசிய முனை பார்வைக்குக் குறையின்றி இருந்தாலும், நடுவில் உள்ள முடிகள் ஒவ்வொரு முறை சீவும்போதும் உருவிக்கொண்டு வரும். பசை அதிகமானால் முனை உருண்டையாகித் தலைத்தோலில் உறுத்தும், பக்கத்து முடியையும் பிடித்துக்கொள்ளும். சூடு அதிகமானால் பசை பழுப்பேறி நொறுங்கும் தன்மை அடையும். தட்டையான முனை வேண்டுமானால் சூடு இருக்கும்போதே அழுத்திக்கொள்ள வேண்டும். குச்சி முனைக்கு, மின்கம்பிகளின் மேல் போடும் சுருங்கு குழாயின் சிறு துண்டினுள் கற்றையைச் செலுத்திப் பசையிட்டு, சூடு காட்டிச் சுருக்கி, ஆறியதும் குழாயை உரித்தெடுத்தால் ஒரே பருமனுள்ள முனை கிடைக்கும். முதல்முறை செய்கிறவர்களுக்கு இந்தக் குழாய் பெரிய உதவி. யூ-டிப்புக்கு இதுபோன்ற எளிய துணை இல்லை.

பொருத்தும் முறைகளை ஒப்பிட்டால், உருக்கி ஒட்டுவதற்கும் வளையத்தில் நெரிப்பதற்கும் தெளிவான குணவேறுபாடு உண்டு. உருக்கி ஒட்டிய இணைப்பு மென்மையானது, தட்டையானது, முடியை உயர்த்திக் கட்டினாலும் எளிதில் தெரியாது, மூன்று மாதங்கள் வரை நிற்கும். ஆனால் ஒட்டும்போது 200 டிகிரிக் குறடு தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. தவறான இடத்தில் ஒட்டியதைச் சரிசெய்யத் திரவமும் குறடும் வேண்டும். பின்தலையில் தாமே ஒட்டிக்கொள்வது ஏறக்குறைய இயலாத காரியம். வளைய முறையில் சூடு இல்லை. 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவுள்ள வளையத்தைத் தவறாக நெரித்தால், அழுத்திய திசைக்குக் குறுக்காக மீண்டும் அழுத்தினால் திறந்துவிடும். உள்ளே சிலிக்கான் பூச்சு உள்ள வளையம் முடியை அறுக்காது. பூச்சில்லாத வெறும் உலோக வளையம் உறுதியாகப் பிடிப்பதுபோல் தோன்றினாலும் நாளடைவில் முடியை வெட்டும். இந்த முறையின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. வளையம் கெட்டியாக இருப்பதால் மல்லாந்து படுக்கும்போது முதல் சில நாள்கள் உறுத்தும். மிக மெல்லிய முடியில் வெளியே தெரியும், வழுக்கவும் செய்யும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை கழற்றி மேலே ஏற்றிப் பொருத்த வேண்டும். அப்படி ஏற்றும்போது பழைய முனையையே மீண்டும் பயன்படுத்தலாம். உருக்கி ஒட்டியதில் ஒவ்வொரு முறையும் முனையைப் புதிதாக வைக்க வேண்டியிருக்கும்.

கழற்றும் நாளில் பலரும் அஞ்சிப்போவதற்கு ஒரு காரணத்தை முன்பே அறிந்திருப்பது நல்லது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. தலைமுடியில் கால்பங்கு இணைப்புகளின் பிடியில் இருப்பதாகக் கொண்டால், அந்தப் பகுதியில் உதிரும் 12 முதல் 25 முடிகள் தரையில் விழாமல் இணைப்பிலேயே தங்குகின்றன. மூன்று மாதங்களில் அவை ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை சேரும். கழற்றியதும் சீப்பில் வரும் பெரிய கொத்து பெரும்பாலும் இதுவே. முடிகள் நடுவில் அறுந்து குட்டையாக வந்தாலோ, ஓர் இடம் மட்டும் வெறுமையானாலோ அது வேறு கதை. சேதம் நடந்திருக்கிறது என்று பொருள். உதிர்ந்த முடிகள் இணைப்புக்கும் தலைத்தோலுக்கும் இடையே சிக்காகத் திரள்வதாலேயே மூன்று மாதங்களுக்கு மேல் எந்த முறையையும் நீட்டிக்கக் கூடாது.

வீட்டில் செய்த முனையைத் தலையில் ஏற்றுவதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் கட்டாயம். சீப்பில் உதிர்ந்த சொந்த முடிகளைச் சேர்த்துக் கற்றையாக்கி, அதில் ஒரே ஒரு முனையை ஒட்டிப் பார்க்கலாம். அதை ஷாம்பூவால் சில முறை அலசி, எண்ணெய் தடவி, டிரையர் காட்டி, சீப்பால் இழுத்துப் பார்த்து, கடைசியில் கழற்றும் திரவத்தால் பிரிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தூளாகிக் கழன்றால் அந்தப் பசை தலைக்குத் தகுதியானது. பிசுபிசுத்து நீண்டால் அதை அத்தோடு விட்டுவிடலாம். பசையும் திரவமும் தோலுக்கு ஒத்துக்கொள்கின்றனவா என்பதை முழங்கையின் உட்புறத்தில் சிறிது வைத்து 48 மணி நேரம் பார்த்துக்கொள்வதும் இதே கட்டத்தில் நடக்க வேண்டும்.

இவ்வளவையும் எடை போட்டால், முடியைப் புதிதாக வாங்க வேண்டியவர் முனை வைத்ததையே வாங்குவது சரி. சேமிக்க விரும்பினால் பொருத்துவதற்குத் தெரிந்தவர் ஒருவரின் உதவியை நாடுவதில் சேமிக்கலாம். கையில் திசை கலையாத நல்ல முடி இருப்பவருக்கு, வளையத்துக்கான குச்சி முனையை வீட்டில் செய்வதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். அங்கே செய்யும் பிழைகள் மேசையிலேயே நின்றுவிடுகின்றன. உருக்கி ஒட்டும் முனையை வீட்டில் செய்வதற்கு, பொருத்துவதில் முன்னனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மகப்பேற்றுக்குப் பின் முடி கொட்டிக்கொண்டிருப்பவர்கள், தலைத்தோலில் நோய் உள்ளவர்கள், ஏற்கெனவே நெற்றியோரத்தில் முடி மெலிந்தவர்கள் இந்த மூன்று வழிகளையுமே தள்ளிப்போட வேண்டும். ஓரிரு நாள் நிகழ்ச்சிக்காக மட்டும் நீளம் தேடுபவருக்குப் பசையே வேண்டாம். கிளிப் வைத்த பட்டைகளை மாலையில் கழற்றி வைத்துவிடலாம்.

பழைய கற்றைகளுக்கு மறுமுனை வைப்பவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய பசைப் பகுதியை வெட்டுவதில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை நீளம் குறையும். வறண்ட நுனிகளைக் கத்தரிப்பதில் இன்னும் சிறிது போகும். முனை வைப்பதற்கு முன் கன்டிஷனர் போடாமல் அலசி முழுமையாக உலர்த்த வேண்டும். எண்ணெயோ சிலிக்கானோ படிந்த வேர்ப்பக்கத்தில் பசை பிடிக்காது. அலசி உலர்த்திய கற்றையை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவும்போது கையோடு நிறைய முடி அறுந்து வந்தால், அந்த முடிக்கு மறுமுனை வைப்பதில் பயன் இல்லை. அதைத் துணிப்பட்டையில் தைத்து, மாட்டிக் கழற்றும் கிளிப் வகையாக மாற்றிவிடலாம்.